கீற்றுக்கு அடியில் ஓடு

நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவள் நான். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடக் கூடாது என்பது விதி. தீப்பிடித்தால் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கொண்டு போய்விடும். விதியில் தப்பே இல்லை. ஆனால் அதைச் சொல்லப் போகிறவள் பாடு இருக்கிறதே! ஒரு ஓட்டல்காரர் என்னை மாடிப்படியிலேயே மறித்து நின்றுகொண்டு, "என் மாடி, என் கீத்து. ஃபேனுக்குக் கீழ ஒக்காந்திருக்கிற ஒங்களுக்குக் கூரையப் பத்தி என்ன மேடம் தெரியும்?" என்று கேட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கூரையப் பத்தி எங்கிட்டயா கேக்குறீங்க?" என்று ஆரம்பித்தேன். பிறகு வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன். மாடிப்படியில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

எங்கள் ஊருக்குக் குடவாசலிலிருந்து உள்ளே போக வேண்டும். வாய்க்காலுக்கு இந்தக் கரையில் ஊர், அந்தக் கரையில் எங்கள் தெரு. தெருவில் இருந்த எல்லோரும் ஒரே பண்ணையில் வேலை பார்த்தவர்கள். வீடு எங்களுடையது, மனை பண்ணையாருடையது. போ என்றால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த மனையில் வீடு கட்ட, எங்கேயும் எழுதி வைக்காத விதிகள் இருந்தன. சுவர் உயரக் கூடாது. சன்னல் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கூரை என்றால் தென்னங்கீற்றுதான், ஓடு ஏறக் கூடாது. நகராட்சி விதி பிடிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். இந்த விதிக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

ஓட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. கீற்று வீட்டை ஒரே காலையில் பிரித்து எறிந்துவிடலாம். ஓடு போட்டவன் காலூன்றிவிடுவான், அசைக்க முடியாது. அதுதான் அவர்கள் பயம். கூலியை உயர்த்திக் கேட்டுத் தெருமுனைகளில் செங்கொடி ஏறிய காலம் அது. எங்கள் பயமோ வேறு மாதிரி. கீழத் தஞ்சையில் கூரை வீட்டில் படுத்த யாரும் அப்போது நிம்மதியாகக் கண் மூடியதில்லை. கீற்றுக்கு ஒரு தீக்குச்சி போதும் என்பது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எனக்கு அடுத்துப் பிறந்தவன் ஐப்பசி அடைமழையில் பிறந்தான். கூரை இற்றுப்போயிருந்தது. அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒழுகாத இடமாகப் பார்த்து வீட்டுக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருந்தாள். அப்பா சாக்கைப் பிடித்துக்கொண்டு அவள் தலைக்கு மேலேயே நின்றார். சளி கட்டிய பிள்ளை மாதம் திரும்பும் முன் போய்விட்டான். அதன் பிறகு மழை இருட்டினாலே அம்மா பேச மாட்டாள், அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வருடம் பண்ணையின் மாட்டுக் கொட்டகைக்குச் சீமை ஓடு வாங்கிப் போட்டார்கள். ஆமாம், மாடுகளுக்கு எப்போதும் ஓடுதான், எங்களுக்குத்தான் கீற்று. பழைய நாட்டு ஓட்டையெல்லாம் வண்டிப்பாதைப் பள்ளத்தில் கொட்டி நிரவச் சொல்லி அப்பாவிடம் விட்டார்கள். அவர் உடைந்ததைப் பள்ளத்தில் கொட்டினார். உடையாததை வைக்கோல் கட்டுக்குள் செருகி, தினம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பு மூலையில் அடுக்கினார். "எதுக்குங்க இது?" என்று அம்மா கேட்டாள். "பொறுத்திரு புள்ள" என்றார். அப்பா அதிகம் பேச மாட்டார்.

எங்கள் தெருவில் யாரும் தனியாகக் கூரை கட்ட மாட்டார்கள். அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு வீடாகத் தெருவே ஏறிப் பிரித்து, தெருவே வேய்ந்து கொடுக்கும். அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் சோறு, கருவாட்டுக் குழம்பு. மாசியில் எங்கள் முறை வந்தபோது, பண்ணைக் குடும்பமும் காரியக்காரரும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். காரியக்காரர் என்பவர் பண்ணையாருக்காக எங்களை மேய்க்கிறவர். பழைய கீற்றைப் பிரித்து முடித்ததும், அப்பா ஒன்றும் சொல்லாமல் முதல் ஓட்டை எடுத்து மேலே நீட்டினார். மேலே இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாங்கி அடுக்கினார்கள். முழுதும் ஓடு பரப்பி, அதன் மேல் வழக்கம்போலக் கீற்றை வேய்ந்தார்கள். வெளியே நின்று பார்த்தால் எல்லா வீட்டையும் போல ஒரு வீடு.

எதிர்வீட்டு அத்தை மட்டும் வாய் சும்மா இருக்காமல், "வேட்டிக்கு மேல வேட்டி கட்டுன ஒரே ஆளு எங்க அண்ணந்தான்" என்றாள். அவள் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். புருஷன் இல்லை, ஒரே மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். என் கோபம் அவளிடமிருந்து வந்த சொத்து. தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்த ஒரு வாய்கூட வாய்க்காலைத் தாண்டி அதைச் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு வருடமும், ஒழுகாத எங்கள் வீட்டுக்கும் தெருவோடு சேர்ந்து மேல் கீற்றைப் பிரித்துக் கட்டினோம். கட்டாமல் விட்டால் ஏன் என்று கேள்வி வரும். வீட்டுக்குள் வெயில் நுழையாது, மழையும் நுழையாது. இன்று நான் எத்தனையோ பெரிய வீட்டு வரைபடங்களைப் பார்த்துவிட்டேன், அப்படியொரு குளிர்ச்சியான வீட்டைப் பார்த்ததில்லை. அம்மா மெதுவாக மேலே பார்ப்பதை விட்டாள். மறுபடி உண்டானாள்.

தங்கை பிறந்தது கார்த்திகையில். பிறந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ புயல். மத்தியானம் ஆரம்பித்த காற்று பொழுது சாய்வதற்குள் தெருவில் இருந்த எல்லாக் கூரையையும் பிடுங்கி வயலில் போட்டது. எங்கள் கீற்றும் போனது. பனங்கைச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த ஓட்டில் ஓரத்து வரிசை சரிந்தது, மற்றது அசையவில்லை. தெரு முழுதும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆடு, கோழி, கைப்பிள்ளை, கிழவர் எல்லோரும் ஒருவர் முழங்கால்மேல் ஒருவர். அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும் மூலையில் புடவையைக் கட்டி இடம் விட்டிருந்தார்கள். தங்கை அழுதபோதெல்லாம் இருட்டில் யாராவது ஒருவர், "அழுவட்டும், அழுவட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அம்மாவுக்காகத்தான் அதைச் சொன்னார்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

விடிந்து காற்று அடங்கியதும் அப்பா வெளியே போனார், அண்ணாந்து பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மொட்டைச் சுவர்களாய் நின்ற தெருவில் ஒரே ஒரு வீட்டின் தலையில் மட்டும் செக்கச்செவேலென்று நனைந்த ஓடு. வாய்க்கால் கரையிலிருந்தே தெரியும். வயலில் நீர் வடிய விட ஆள் கூப்பிடக் காரியக்காரர் எப்படியும் வருவார். அவர் கண்ணில் பட்டால் அன்றைக்கே மனையைக் காலி செய்யச் சொல்வார்கள். பச்சை உடம்புக்காரியையும் பச்சைப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அந்த வெள்ளத்தில் எங்கே போவது?

"நான் போயி கால்ல விழுந்துடறேன்" என்றார் அப்பா.

"நீ சும்மா கெட அண்ணே" என்றாள் அத்தை.

அதற்குள் மற்றவர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். வயலில் கிடந்ததையும் வாய்க்காலில் மிதந்ததையும் வேலியில் மாட்டிக் கிடந்ததையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். யார் வீட்டுக் கீற்று என்று யாரும் பார்க்கவில்லை. எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் குவிந்தது. தலைக்கு மேல் ஒன்றும் இல்லாதவர்கள், ஈரத் துணி உடம்பில் ஒட்ட, தெருவிலேயே ஒழுகாத ஒரே வீட்டின் மேல் ஏறி முதலில் அதற்குக் கூரை கட்டினார்கள்.

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "எங்களுக்கு எதுக்குய்யா? ஒங்க வீட்டப் பாருங்க. பெருசு எல்லாம் நனைஞ்சுகிட்டு கெடக்குதுங்க!"

"ஒனக்கு இன்னம் பத்தியமே முடியல, வாய மூடிட்டுப் படு அண்ணி" என்று அத்தை பதில் கத்தினாள்.

அவசரத்தில் ஒரு தப்பு நடந்தது. முன்பக்கச் சரிவை மூடி முடிக்கும்போதே வாய்க்கால் மரப்பாலத்தில் காரியக்காரரின் குடை தெரிந்தது. பின்பக்கம் ஓடு அப்படியே திறந்து கிடந்தது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று யாருக்கும் உறைக்கவே இல்லை. தெரு முழுக்க மொட்டையாக நிற்க, எங்கள் வீடு மட்டும் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. காரியக்காரர் கண் நேராக அங்கேதான் போயிற்று.

"ஏண்டா, ஊரே பறந்து கெடக்கு. இவன் வீடு மட்டும் எப்படி நிக்குது?"

அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அத்தைதான் முன்னால் வந்தாள்.

"பெத்த பொம்பள உள்ள கெடக்குறாங்கய்யா. அதான் இதுக்கு மொதல்ல போட்டோம்."

அது பொய்யில்லை. ஆனால் அவருக்கு அது போதவில்லை. குடையை மடக்கினார், வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போகத் திரும்பினார். இன்னும் நாலு எட்டு வைத்தால் ஓடு தெரிந்துவிடும். நான் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

"அய்யய்யோ, அந்தப் பக்கம் போவாதீங்கய்யா!" என்று அத்தை அலறினாள். "தீட்டுத் துணியெல்லாம் அலசி அங்கதான் ஊத்தியிருக்கு. மிதிச்சிடாதீங்க சாமி, அப்புறம் எங்களுக்குத்தான் பாவம்!"

அவர் கொதிக்கிற மணலில் கால் வைத்தவரைப் போலப் பின்னுக்கு வந்தார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சனியன்கள்" என்றார். "தண்ணி வடிக்க ஆள் வரணும்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். எங்கள் கை பட்டால் தீட்டு, எங்கள் குடத்துத் தண்ணீர் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்களே, அந்தத் தீட்டு ஒரே ஒரு நாள் எங்களுக்குக் காவல் நின்றது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் எரிச்சலும் வரும்.

குடை மறைந்ததும் பின்பக்கத்தையும் மூடினார்கள். பிறகு மற்ற வீடுகளுக்குக் கீற்று போதவில்லை. புதிதாக மட்டை வெட்டி, ஊறப்போட்டு, முடைந்து, ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்கும் வரை தெரு எங்கள் வீட்டிலேயே உண்டு, எங்கள் வீட்டிலேயே படுத்தது. தங்கை யார் மடியில் வளர்ந்தாள் என்று கேட்டால் அம்மாவால் சொல்ல முடியாது.

மெட்ராசில் ஆட்சி மாறியிருந்தது. சில வருடம் கழித்து, குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்தது. சட்டம் ஒரு நாளில் வந்துவிட்டது, எங்கள் தெருவுக்கு வந்து சேர நடந்தே வந்தது. தாலுகா ஆபீசுக்கும் தெருவுக்கும் அலைந்து பட்டா கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு வீடாக ஓடு ஏறியது. சுவர் உயர்ந்தது. சன்னல்கூட வந்தது.

அப்பா மட்டும் கீற்றைப் பிரிக்கவில்லை. நான் அப்போது பெரிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டாளிகள் வந்தால் வெட்கமாக இருக்கும். அடியில் ஓட்டை வைத்துக்கொண்டு மேலே மக்கிய கீற்று எதற்கு என்று சண்டை பிடிப்பேன். "இருக்கட்டும்" என்பார். வருடா வருடம் புதுக் கீற்று முடைந்து மேலே கட்டுவார். இனி ஒளிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று அவருக்கு யாராவது புரியவைத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

தெருவில் ஓடு ஏறாமல் கடைசியாக மிஞ்சியது அத்தை வீடு. ஒற்றைப் பொம்பளைக்கு மெதுவாகத்தான் முடிந்தது. ஆட்டுக்குட்டிகளை வளர்த்து விற்று ஓடு வாங்கினாள். அன்று தெருவே அவள் வீட்டின் மேல் ஏறியிருந்தது. உச்சியில் கடைசி ஓட்டை வைத்தது அப்பா. வைத்துவிட்டு இறங்கினார், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். தெருவைக் கடந்து வந்து, ஏணியை எங்கள் சுவரில் சாய்த்தார்.

அத்தை அதைப் பார்த்தாள். ஓடி வந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா முதல் கீற்றை உருவிக் கீழே போட்டார். அம்மா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.