இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு

அந்த வட்டாரத்தில் யாருடைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் பேட்டரியக்காவிடம்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது மின்கட்டண அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. திரை தெரியவில்லை என்று கொண்டு வந்தாலும் சரி, விசிறி கத்துகிறது என்று கொண்டு வந்தாலும் சரி, அவள் முதலில் செய்வது ஒன்றுதான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே பலகையில் காசு போலப் பதிந்திருக்கும் சின்ன பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்ப்பாள். "அக்கா, மவுஸ்தான் வேலை செய்யலை" என்று வந்தவர் பரிதாபமாகச் சொல்வார். "இருக்கட்டும், இதைப் பார்த்துட்டு அதுக்கு வரேன்" என்பாள். பேட்டரி வலுவிழந்திருந்தால் அதை நெம்பி எடுத்து வாளிக்குள் எறிவாள். பார்க்கிறவர்களுக்கு, அந்தப் பேட்டரி இவள் குடும்பத்துக்கே ஏதோ கெடுதல் செய்துவிட்டது போலத் தோன்றும்.

செய்ததுதான்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எழுத்தராக இருந்தாள். காலையில் அலுவலகத்தைத் திறப்பவள் அவளே என்பதால் சாவி அவளிடம் இருக்கும். ஒரு நாள் மாலை மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கினாள். மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு விடைத்தாளை மறுபடி பார்த்தபோது, ஒரு மாணவனுக்கு எண்பத்தெட்டு என்பதை முப்பத்தெட்டு என்று அடித்திருப்பது தெரிந்தது. உடனே கம்ப்யூட்டரில் திருத்தினாள். மத்தியானம்தான் திரையின் ஓரத்தில் கடிகாரம் பத்து மணி நேரம் பின்னால் ஓடுவதைப் பார்த்தாள். இதென்ன கூத்து என்று அதையும் சரிசெய்தாள். தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டுகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை மேலாளர் பட்டியல் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு என்றது கம்ப்யூட்டர்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆபீஸ்ல உனக்கு என்ன வேலை? யாரோட வந்தே?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டார்.

"காலையிலதான் சார் திருத்தினேன். கடிகாரம் தப்பா ஓடிட்டு இருந்துச்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுதான் அவள் கையாலேயே சரியாகிவிட்டதே! "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேலை போயிற்று. அது போகட்டும், இன்னொரு வேலை கிடைக்கும். போன பெயர்தான் திரும்பி வரவில்லை.

அவள் அப்போது தன் அக்கா வீட்டில் இருந்தாள். அந்த இரவு முழுவதும் அங்கேதான் இருந்தாள். காய்ச்சலில் கிடந்த அக்காவின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் விழித்திருந்தாள். பன்னிரண்டு மணி வாக்கில் அக்காவே எழுந்து வந்து குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஆனால் மேலாளர் அத்தானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அத்தான் வீட்டுக்கு வந்து குதித்தபோது, "நான் தூக்கக் கலக்கத்துல இருந்தேன், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்றாள் அக்கா. பாவம், தூக்கக் கலக்கம்தான் என்று இவளும் நம்பினாள். நம்பாமல் எங்கே போவது? இருப்பது ஒரே ஒரு அக்கா. ஆகவே கோபம் முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் மேலாளர் தலையில் கொட்டினாள். அந்த மாதமே அத்தான் அவளை வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான் அவள் இந்தத் தொழிலுக்கே வந்தாள். ஒரு பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பதில் கிடைத்தது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதன் கடிகாரத்தை ஓட்டுவது அந்தக் காசு பேட்டரி. அது தளர்ந்தால் இரவெல்லாம் கடிகாரம் தூங்கி வழியும். காலையில் பார்த்தால் அதற்கு இன்னும் நேற்றைய நள்ளிரவுதான். பதில் தெரிந்து என்ன பயன்? சாட்சி அந்த நிலையத்தின் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. தனியாகக் கடை போட்டாள். அதற்குப் பிறகு அவள் மனதுக்குள் மேலாளரைப் பழிவாங்காத நாள் கிடையாது. ஒரு நாள் அவரை நடுத்தெருவில் நிற்க வைத்தாள். ஒரு நாள் மழையில். பல் தேய்க்கும் நேரத்தில்கூட ஒரு முறை அவரை அழ வைத்துவிட்டுத்தான் வாய் கொப்பளித்தாள்.

அப்படிப்பட்டவள் கடைக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேலாளர் தாமாகவே வந்தார். கைகளில் குழந்தையைப் போல ஒரு கம்ப்யூட்டர் பெட்டி.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு அவரையும் தெரிந்தது, பெட்டியையும் தெரிந்தது. அதன் முதுகில் அவளே எழுதி ஒட்டிய எண் இன்னும் இருந்தது. தன்னை மறந்துவிட்டார் என்பது, திட்டியதைவிட அதிகமாக எரிந்தது.

"வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகுறேன்மா" என்றார். "புதுசா வர்றவருக்கு இதைச் சுத்தமா ஒப்படைக்கணும். பழசு எதுவும் வேண்டாம், எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போடலாம்னு பார்த்தேன். இந்த பென் டிரைவ்ல இருந்து ஆரம்பிக்கவே மாட்டேங்குது. பழைய விண்டோஸுக்கே போய் நிக்குது. மூணு பென் டிரைவ் மாத்திட்டேன்."

"செட்டிங்ஸ்ல, எதுல இருந்து ஆரம்பிக்கணும்ங்கிற வரிசையில பென் டிரைவை முதல்ல வைச்சீங்களா?"

"வைச்சேன், சேவ் பண்ணேன். அடுத்த தடவை போய்ப் பார்த்தா பழையபடி இருக்கு. பேய் புகுந்த மாதிரி!"

அவள் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள். நிறுவும் திரை ஒழுங்காக வந்தது. பென் டிரைவில் குறையில்லை. அவர் பெட்டியில் முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை இரண்டையும் சோதித்தாள். அவையும் நன்றாகவே இருந்தன.

"நீங்க எப்படிப் பண்ணீங்களோ அப்படியே என் முன்னாடி பண்ணிக் காட்டுங்க."

அவர் உட்கார்ந்தார். செட்டிங்ஸுக்குள் போனார். பென் டிரைவை முதலிடத்தில் வைத்தார். சேமித்தார். அணைத்தார். பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த சுவிட்சையும் அணைத்தார்.

"அதை ஏன் அணைக்கிறீங்க?"

"கரண்ட் இருக்கும்போது எதையும் செருகக் கூடாது. எங்க ஆபீஸ் சட்டம். நானே எழுதிச் சுவத்துல ஒட்டினது" என்று பெருமையாகச் சொன்னார். "சாயங்காலமும் மெயினையே அணைச்சிட்டுத்தான் போவோம்."

பென் டிரைவைச் செருகினார். சுவிட்சைப் போட்டார். பழைய விண்டோஸ் வந்து நின்றது. பார்த்தாயா என்பது போல அவளைப் பார்த்தார்.

அவள் மீண்டும் செட்டிங்ஸைத் திறந்தாள். பென் டிரைவ் கடைசி இடத்துக்குப் போயிருந்தது. மேலே தேதியைப் பார்த்தாள். அந்தப் பலகை தயாரான வருடத்தின் ஜனவரி ஒன்று. நேரம், நள்ளிரவு தாண்டி இரண்டு நிமிடம். பேட்டரி அன்று தளர்ந்திருந்தது, இன்று செத்தே போயிருந்தது. செட்டிங்ஸை நினைவில் வைப்பதும் அதே பேட்டரிதான் என்பதால், சுவிட்சை அணைத்த நொடியே கம்ப்யூட்டர் சொன்னதையெல்லாம் மறந்துவிடுகிறது. அந்த ஜனவரி ஒன்றை அவள் இன்னொரு முறை வாசித்தாள். சந்தோஷத்தில்தான்.

"சாயங்காலம் வாங்க சார், முடிச்சு வைக்கிறேன்" என்றாள். குரலில் தேன் சொட்டியது.

அவர் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்து கதவைச் சாத்தினாள். பழைய விண்டோஸுக்குள் போனாள். தன் வேலை போன பிறகு எழுத்தர் வேலையையும் மேலாளரே பார்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டிருந்தாள். அந்த நாட்களின் கடிதங்கள் எல்லாம் அவர் பெயரில் ஒரே இடத்தில் இருந்தன. அவற்றை நேரப்படி வரிசைப்படுத்தினாள். விடுப்புக் கடிதம், இரவு பதினொன்று பத்து. நாற்காலி வாங்குவதற்கான கடிதம், பன்னிரண்டு இருபது. அவருடைய சொந்தச் சம்பள உயர்வு விண்ணப்பம், இரவு பதினொன்று நாற்பது. இப்படியே நாற்பத்தொரு கடிதங்கள். கணக்குப்படி பார்த்தால் மனிதர் பல மாதங்கள் வீட்டில் படுத்ததே இல்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அந்தப் பட்டியலை அச்சிட்டு ஐம்பது பிரதி எடுத்தாள்.

வேலையில் குறை வைக்கவில்லை. எதிரியின் கம்ப்யூட்டர் என்றாலும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தான். புதுப் பேட்டரி போட்டாள். தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்தாள். பென் டிரைவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தாள். சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். முதல் முயற்சியிலேயே நிறுவும் திரை வந்தது. அழிக்கட்டுமா என்று அது கேட்ட இடத்தில் மட்டும் விட்டு வைத்தாள்.

மாலை மேலாளர் வந்து திரையைப் பார்த்துவிட்டு, "அடடே! பெரிய ஆளும்மா நீங்க" என்றார்.

அவள் ஒரு காகிதத்தை அவர் முன் வைத்தாள். "ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை சார்? யாரோட வந்தீங்க?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒன்பது வருடத்து முகம் மெல்ல மெல்ல அவருக்கு நினைவு வந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கடிகாரம் தப்பு" என்றார்.

"அதைத்தானே நானும் சொன்னேன்."

காகிதத்தை நாலாக மடித்தார். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னார்: "தெரியும். நீ போன ஒரு வாரத்துலேயே தெரிஞ்சிடுச்சு. காலையில நான் அடிச்ச லெட்டர்ல முந்தின நாள் ராத்திரி நேரம் காட்டுச்சு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் ஒரு முட்டாள் என்று மட்டுமே இத்தனை வருடமாக நினைத்திருந்தாள். "தெரிஞ்சும் ஏன் கூப்பிடலை?"

"எப்படிக் கூப்பிடுறது? பத்துப் பேர் முன்னாடி பேசியாச்சு. நான்தான் தப்புன்னு சொன்னா ஆபீஸ்ல எவன் மதிப்பான்? உனக்கு வேற எங்கேயாவது வேலை கிடைச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் மீட்டரை எடுத்து அவர் மண்டையில் போட்டிருப்பாள். மீட்டர் விலை அதிகம் என்பதால் போடவில்லை. "வெள்ளிக்கிழமை உங்களுக்கு வழியனுப்பு விழா வைச்சிருப்பாங்களே? உங்க வீட்டம்மா வருவாங்களா?"

"வருவா. ஏன்?"

"எங்க அக்காவையும் அத்தானையும் கூட்டிட்டு வரேன். மைக்ல சொல்லுங்க. இப்ப என்கிட்ட சொன்னதை, ஒரு வார்த்தை குறையாம. இல்லைன்னா இந்தக் காகிதத்தை ஆளுக்கு ஒண்ணு கொடுக்கிறேன். முதல் காகிதம் உங்க வீட்டம்மாவுக்கு. உங்களுக்குத் தெரியாததா சார், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது!"

அவர் தலையாட்டினார். அவள் பொத்தானை அழுத்தினாள். பழையது அழிய ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை பயிற்சி நிலையத்துக் கூடத்தில் மூன்றாவது வரிசையில் அக்கா நடுவில், அத்தான் ஒரு பக்கம், இவள் மறுபக்கம். எதற்கு வந்திருக்கிறோம் என்று இருவருக்கும் அவள் சொல்லவில்லை. காகிதக்கட்டு அவள் மடியில் இருந்தது. அவரைப் பற்றி எட்டுப் பேர் பேசினார்கள். நேர்மை என்ற சொல் பதினொரு முறை வந்தது. அவள் எண்ணினாள்.

கடைசியில் மேலாளர் எழுந்தார். நன்றி சொன்னார். அப்படியே இறங்கிவிடப் பார்த்தார். அவள் மடியிலிருந்த கட்டை எடுத்து மெதுவாகத் தட்டி அடுக்கினாள். அவர் மைக்குக்குத் திரும்பி வந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. இங்க ஒரு பொண்ணு எழுத்தரா இருந்தாங்க. ராத்திரி ஆபீசுக்கு வந்து பட்டியலை மாத்தினதா சொல்லி நான் அனுப்பிட்டேன். அவங்க வரவே இல்லை. கம்ப்யூட்டர் கடிகாரம்தான் தப்பு. அது எனக்கு ஒரு வாரத்துலேயே தெரியும். வெளியில சொல்லலை. தப்பு என்னோடது."

பழக்க தோஷத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். முதல் வரிசையில் இருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் படியைத் தடவித் தடவி இறங்கினார். பேட்டரியக்கா அதைக் கடைசிப் படிவரை பார்த்தாள். இனித்தது. இவ்வளவுதானா என்று தோன்றும் என்பார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. நன்றாகவே இனித்தது.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலைப் பார்த்தார். அக்காவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும்டி, நீ போயிருக்க மாட்டேன்னு" என்றாள் அக்கா.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஒன்பது வருடமாக மேலாளர் மறைத்துக்கொண்டு நின்ற இடம் இப்போது காலியாகிவிட்டது. அதற்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பது நன்றாகத் தெரிந்தது.

"அவருக்கு ஒரு வாரம் கழிச்சுத் தெரிஞ்சது" என்றாள். குரலை உயர்த்தவில்லை. அத்தானுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "உனக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும். மருந்து கொடுக்க எழுந்து வந்தே. என்கிட்ட பேசினே. குழந்தைக்கு உடம்பு சுடுதான்னு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னே. நீ ஏன்க்கா சொல்லலை?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் அக்காவைப் பார்த்தார்.

கூடத்தில் ஆட்கள் கலைந்து, நாற்காலிகளை மடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் தன் நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பதில் வராமல் அவள் எழுந்திருப்பதாக இல்லை.