ஆட்டுப்பட்டியில் ஒரு டிரைவர்

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனிதர், ஓய்வு பெற்ற சூடு ஆறுவதற்குள் ஒரு சின்னப் பண்ணையில் பயிற்சிக்குச் சேர்ந்தார் என்றால் யார் நம்புவார்கள்? அவர் வீட்டிலேயே நம்பவில்லை. "இந்த வயசுல இன்டர்னாப்பா?" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவளுக்கு இன்டர்ன் என்றால், முளைத்தும் முளைக்காத மீசையோடு வார்டில் திருதிருவென விழிக்கும் பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தனை வருஷம் பஸ்ஸோட குடும்பம் நடத்தினீங்க. இனிமேலாவது வீட்ல இருப்பீங்கன்னு பாத்தா, ஆட்டோட குடும்பம் நடத்தக் கிளம்பிட்டீங்களா?" என்றாள்.

அவர் பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆசை இன்று நேற்று வந்ததல்ல. அவர் ஓட்டிய தடத்தின் கடைசி நிறுத்தம் அந்தப் பண்ணையின் வேலியை ஒட்டித்தான் இருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு டீ குடிக்கும் நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பார்ப்பார். ஒரு பெண்ணும் அவள் கணவனும் ஆடுகளை ஓட்டுவார்கள், பாத்தி கட்டுவார்கள், ஏதோ சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். கண்டக்டர் விசில் அடித்ததும் இவர் திரும்பி வந்து நெரிசலுக்குள் உட்காருவார். ஒருநாள் வேலியில் ஒரு பலகை தொங்கியது. வேலை கற்றுக்கொள்ள ஆள் வேண்டும், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று எழுதியிருந்தது. வயது எதுவும் போட்டிருக்கவில்லை. மனிதருக்கு அது போதுமாக இருந்தது.

பண்ணை கைக்கடக்கமானது. பத்துப் பதினைந்து ஆடுகள், ஒரு வாத்துக் கூட்டம், காய்கறிப் பாத்திகள், பால் வடிகட்டிக் குளிர வைக்க ஓர் அறை. தீவனக் கிடங்குக்கு மேலே மரப்படி ஏறினால் அவருடைய அறை. கட்டில், ஒரு ஆணி, ஒரு ஜன்னல். அவ்வளவுதான். பண்ணைக்காரி அவர் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். முதல் நாள் இவர் "மேடம்" என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, ஆட்டுப் புழுக்கை அள்ளுற எடத்துல என்னண்ணே மேடம்? சும்மா தங்கச்சின்னு கூப்பிடுங்க."

அன்றிலிருந்து அவர் டிரைவரண்ணன் ஆனார்.

விடியும் முன்னே எழுவது அவருக்குப் பெரிய காரியமில்லை. முதல் வண்டி எடுத்துப் பழகிய உடம்பு. எழுந்ததும் வாத்துக் கூண்டைத் திறந்துவிட வேண்டும். அவை முட்டி மோதிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தால் அவர் வாய் தானாக, "இறங்கறவங்களுக்கு வழி விடுங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லும். பிறகு பட்டியைக் கூட்டி, ஈர வைக்கோலை அள்ளி உரக்குழியில் கொட்டி, காய்ந்ததைப் பரப்பி, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதுவரைக்கும் எல்லாம் சுலபம். பால் கறக்க உட்கார்ந்தபோதுதான் அவருக்கு வேர்த்தது.

வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த கை. அந்தக் கையால் மடியைப் பிடித்தால் எந்த ஆடுதான் பொறுக்கும்? மந்தையில் மகாராணி என்று ஒருத்தி இருந்தாள். வெள்ளை உடம்பு, நிமிர்ந்த கழுத்து, யாரையும் மதிக்காத பார்வை. முதல் நாளே பால் வாளியை உதைத்துக் கவிழ்த்தாள். இரண்டாம் நாள் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றாள். பண்ணைக்காரியின் கணவன் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டு, "இழுக்காதீங்கண்ணே. மேல ரெண்டு வெரலால மூடுங்க, அப்புறம் மத்த வெரலை ஒண்ணொண்ணா மடக்குங்க. பால் தானா எறங்கும்" என்றான்.

இவர் அறைக்குப் போய் ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, ஊசியால் துளை போட்டு, ஜன்னல் ஆணியில் கட்டித் தொங்கவிட்டுக் கறந்து பழகினார். கீழே போன கணவன் தலையில் தண்ணீர் விழுந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. ஒரு நாள் களை எடுக்கிறேன் என்று உட்கார்ந்து, ஒரு பாத்தி கேரட் நாற்றைச் சுத்தமாகப் பிடுங்கி வைத்தார். பண்ணைக்காரி இடுப்பில் கைவைத்து அந்த மொட்டைப் பாத்தியையே பார்த்தாள். "களை ஒண்ணுகூட இல்லண்ணே. வேற எதுவும்கூட இல்ல" என்றாள். அவருக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் மூட்டை கட்டவில்லை. மறுநாள் அவளிடமே விதை வாங்கி, அந்தப் பாத்தியை மறுபடி விதைத்தார்.

இப்படியாகக் கை மெல்ல இளகியது. மகாராணியே ஒரு நாள் வாளியை உதைக்காமல், அசை போட்டபடி நின்று கறக்க விட்டாள். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு பால் அறைக்கு நடந்த நடை இருக்கிறதே, புது வண்டியை முதன்முதலாக டிப்போவிலிருந்து எடுத்து வந்த நாளில்கூட அவர் அப்படி நடந்ததில்லை.

பண்ணைக்காரிக்கு நாள் குறித்திருந்தது அடுத்த மாதம். ஆனால் ஒரு காலையில், பாத்திக்கு நடுவே நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவன் கைகால் ஓடாமல் வேன் சாவியைத் தேட, அது அவன் கையிலேயே இருந்தது. டிரைவரண்ணன்தான் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்தார்.

"நான் ஓட்டிட்டு வரட்டுமா தம்பி?"

"நீங்க வந்துட்டா இதுங்களை யாருண்ணே பாப்பாங்க?" என்றவன், வண்டியை எடுக்கும்போது ஒரு கணம் தயங்கினான். "பாத்துக்குவீங்கல்ல?"

"நான் இருக்கேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

வேன் போன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் அவருக்குத் தெரிந்தது. பண்ணை முழுக்க ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் இன்டர்ன். வீட்டுக்குப் போன் போட்டார். "உடனே கிளம்பி வர்றியா? ஒரு கை கூட இருந்தா நல்லாருக்கும்."

மனைவி பழைய பஸ் தடத்திலேயே வந்து இறங்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டியைத் தாண்டினாள். "இந்த நாத்தத்துலயா ராத்திரி தூங்குறீங்க?" என்று கேட்டாளே ஒழிய, கொண்டுவந்த பையை வைத்த கையோடு பால் பாத்திரங்களை வெந்நீரில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது.

மறுநாள் விடியற்காலையில் கொட்டோ கொட்டென்று மழை. மழையில் பட்டி வேலியின் ஒரு கட்டை சாய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. டிரைவரண்ணன் வாத்துகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து பார்த்தால், நாலைந்து ஆடுகள் ஈரம் சொட்டும் பசுந்தீவனப் பாத்திக்குள் நின்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன. கத்திக் கூச்சல் போட்டு எல்லாவற்றையும் விரட்டிப் பட்டியில் அடைத்தார். மற்றவை ஒழுங்காக நின்றன. மகாராணி மட்டும் தலையைத் தொங்கப் போட்டாள். சற்று நேரத்தில் பல்லை நறநறவென்று கடித்தாள். பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்தாள். இடது விலாவுக்குப் பின்னால் வயிறு மேடாகப் புடைத்து நின்றது. விரலால் சுண்டிப் பார்த்தார். பறை போலச் சத்தம் கேட்டது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் தூரத்தில் ஒரு மாட்டுப் பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அசை போடுதா?"

"இல்லீங்க."

"வயித்துல காத்து அடைச்சிருக்கு. நான் வந்து சேர மத்தியானம் ஆயிடும், அதுவரைக்கும் அப்படியே விடக்கூடாது. சமையல் எண்ணெய் இருக்கா? சின்ன பாட்டில்ல எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. தலையை அண்ணாக்கத் தூக்காதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். முன்னங்காலை மேட்டுல நிறுத்தி, இடது பக்கத்தை நல்லாத் தேய்ங்க. உங்களால முடியுமா? நீங்க யாரு அங்க?"

"நான் இங்க வேலை பாக்குறேங்க. முடியும்."

மனைவி எண்ணெய்ப் பாட்டிலோடு ஓடிவந்தாள். மூக்கைப் பொத்துவதெல்லாம் மறந்தே போயிருந்தது. "நான் தலையைப் புடிச்சுக்கிறேன், நீங்க ஊத்துங்க" என்று மகாராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆடு ஒரு திமிறு திமிறியது. எண்ணெய் பாதி அவள் தோளில் வழிந்தது.

"அடியே, கொஞ்சம் பொறுமையா இருடி!"

"நான் பொறுமையாத்தானே இருக்கேன்," என்றார் அவர்.

"உங்களைச் சொல்லல. இவளைச் சொன்னேன்."

இரண்டாவது முறை அவர் அவசரப்படவில்லை. கடைவாய் ஓரமாகப் பாட்டிலை நுழைத்தார். ஒரு வாய் ஊற்றி, அது விழுங்கும்வரை காத்திருந்து, அடுத்த வாய் ஊற்றினார். பிறகு முன்னங்கால்களைத் தீவனப் பெட்டி மேல் நிறுத்தி, வயிற்றை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். தேய்த்தார், நடத்தினார், மறுபடி தேய்த்தார். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. மகாராணிக்கு மூச்சு இரைத்தது. கண் செருகுவது போலிருந்தது. மனைவி ஆட்டின் காதோரம் குனிந்து, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுவது போல ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று மகாராணி கழுத்தை நீட்டி ஓர் ஏப்பம் விட்டாள். என்ன ஏப்பம்! பட்டியே அதிர்ந்தது. மனைவியின் முகத்துக்கு நேராக வந்த அந்தக் காற்றில் அவள் இரண்டடி பின்னால் போனாள். "ஐயோ சாமி!" என்றவள், அடுத்த கணம் அதே முகத்தோடு கைதட்டிச் சிரித்தாள். இன்னொரு ஏப்பம் வந்தது. அப்புறம் இன்னொன்று. அவர் கைக்குக் கீழே வயிறு கொஞ்சம் கொஞ்சமாக இளகுவது தெரிந்தது.

மத்தியானம் டாக்டர் வந்தபோது மகாராணி படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கருவியை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்து பண்ணியிருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன். எத்தனை வருஷமா ஆடு பாக்குறீங்க?"

"வருஷமெல்லாம் இல்லீங்க. இன்டர்னா இருக்கேன்."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மனைவி முந்திக்கொண்டாள். "முன்னாடி பஸ் ஓட்டினாரு. ஒரு நாள்கூட யாரையும் கீழ தள்ளினதில்ல" என்றாள். டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எண்ணெயும் புழுக்கையும் அப்பிய கை அது. டிரைவரண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கையைக் கழுவாமலேயே நின்றார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். பண்ணைக்காரி அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் சேர்ந்திருந்தாள். பெண் குழந்தை, இருவரும் நலம். அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்கப்பா. நான் எங்க வார்டுல ஒருத்தர் விடாம சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"எங்கப்பா பண்ணையில இன்டர்னா இருக்காருன்னு. அதுல பெரிய டாக்டரு ஒருத்தர், நம்ம இன்டர்ன் பசங்களை அவர்கிட்ட ஒரு வாரம் அனுப்பலாமான்னு கேக்குறாருப்பா!"

நாலாம் நாள் வேன் திரும்பி வந்தது. பண்ணைக்காரி இறங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டி, வாத்துக் கூண்டு, பாத்திகள், பால் அறை என்று ஒரு சுற்று சுற்றி வந்தாள். சாய்ந்த கட்டை நிமிர்ந்து நின்றது. பால் பாத்திரங்கள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று அவள் தேடுவது போலத்தான் இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்து குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

"கையெல்லாம் ஆட்டு வாசனை, தங்கச்சி."

"பொறந்த வீட்டு வாசனையை அவ தெரிஞ்சுக்க வேணாமா? புடிங்கண்ணே."

அவர் வாங்கிக்கொண்டார். பால் அறை வாசலில் நின்ற மனைவி, பக்கத்தில் நின்ற பண்ணைக்காரியின் கணவனிடம், "எங்க வீட்டுக்காரரு கையில எது போனாலும் பத்திரமா இருக்கும் தம்பி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.