போர்ச்சுகல் பெரியவரும் என் கேட் பாஸும்

தொழிற்சாலைப் பாதுகாப்புப் படம் எடுப்பவன் நான். டிக்கெட் வாங்கி யாரும் என் படத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பார்க்காமல் தப்பவும் முடியாது. ஹெல்மெட் போடு, ஓடுகிற மிஷினில் கை வைக்காதே என்பதையே வருடக்கணக்கில் விதவிதமாகச் சொல்லி வருகிறேன்.

அறுபதைத் தாண்டியும் டிபன் பாக்ஸோடு கிளம்புகிற சக பாவிகளே, நமக்கென்று ஒருவர் இருந்தார். போர்ச்சுகல் நாட்டு டைரக்டர். சென்னையில் ஒரு திரைப்பட விழாவில் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இளமையில் கார் பந்தயம் ஓட்டியிருக்கிறார், கோலூன்றித் தாண்டியிருக்கிறார். ஊமைப்படக் காலத்திலேயே ஆற்றங்கரைக் கூலியாட்களை வைத்து முதல் படம் எடுத்தார். அப்புறம் சர்வாதிகார ஆட்சியில் வாய்ப்பே கிடைக்காமல், பல வருடம் குடும்பத் தொழிற்சாலையையும் திராட்சைத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படங்களில் பெரும்பாலானவை அறுபது வயதுக்குப் பிறகு எடுத்தவை. நூறு தாண்டியும் எடுத்தார். அந்த ஊரில் யாரும் அவரிடம் ஆதார் கார்டு கேட்கவில்லை.

கேட்டுக்கு வெளியே

என்னிடம் கேட்டார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலை. எத்தனையோ முறை போய் வந்த இடம். கேட்டில் செக்யூரிட்டி ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறுவதுக்கு மேல கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு பாஸ் கெடையாது நைனா, புது ரூல்" என்றார். மற்ற கம்பெனிகள் ஏற்கெனவே இந்த விதியைப் போட்டு என்னை வெளியே தள்ளியிருந்தன. மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இங்கும் கதவடைத்தால் என் தொழில் அவ்வளவுதான்.

போர்ச்சுகல் பெரியவரின் கதையை நின்ற இடத்திலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கொதிப்பில் எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்து நிற்கிற அந்த மனிதருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூடவே இருக்கும். "உங்களுக்கு மட்டும் அறுபது ஆகலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"நான் கேட்டுக்கு வெளியதான நிக்கிறேன் நைனா. ரூலு உள்ளாறதான்."

கேமரா அங்கே, நான் இங்கே

எச்.ஆர். மேனேஜர் முப்பது வயதுப் பையன். வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சிரித்துக்கொண்டே வந்தான். விருந்தினர் பாஸுக்கு வயது வரம்பு இல்லையாம். ஆனால் விருந்தினர் கேமரா கொண்டுபோகக் கூடாது, செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட வேண்டும், மீட்டிங் அறையைத் தாண்டக் கூடாது. ஆகவே என் கேமரா ஸ்டெல்லாவோடு ஒரு வாசல் வழியாக உள்ளே போயிற்று. நான் இன்னொரு வாசல் வழியாகப் போனேன். ஸ்டெல்லா வள்ளூர்க்காரி, என்னிடம் பல வருடமாகக் கேமரா பிடிப்பவள்.

ஷெட்டில் படப்பிடிப்பு; ஏசி அறையில் டைரக்டர். எனக்குத் துணை ஒரு தட்டு பிஸ்கட். சாயந்தரம் ஸ்டெல்லா வெந்து நொந்து வந்தாள். "ஃபர்னஸ் பக்கமே உடல சார். மேனேஜர எடு, பூச்செடிய எடுன்னு ஒரே பேஜாரு" என்றாள். எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்புப் படமா அது, கல்யாண ஆல்பம்! மேனேஜரிடம் கத்தினேன். அவன் முகத்தில் நிஜமான வருத்தம்.

"ஏசி ரூம் குடுத்தோம், ரெண்டு வாட்டி டீ குடுத்தோம். இதுக்கு மேல இன்னா சார் செய்யறது?"

உடம்பு நல்லாயிருந்தால்

உடல் தகுதிச் சான்றிதழ் கொடுத்தால் விதியைத் தளர்த்துவார்களோ என்ற நப்பாசையில் பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை இல்லை, கண் தெளிவு. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர், எதற்கு என்று கேட்டார். வேலைக்கு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நோய் இருந்தால்கூட அவ்வளவு பரிதாபப்பட்டிருக்க மாட்டார்.

"ஏன் சார், பசங்க சோறு போடறதில்லையா?"

விழுந்த கதை

டாக்டர் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழைக் கம்பெனியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் மேனேஜரே போன் செய்தான். புதுப்படம் வேண்டுமாம். அறுபது தாண்டியவர்களை ஏன் உள்ளே விடுவதில்லை என்று விளக்குகிற படம். ஒரு வயதானவர் ஃபர்னஸ் முன்னால் வேலை செய்கிறார், தலை சுற்றுகிறது, விழுகிறார். "நீங்களே நடிச்சிடுங்க சார். நடிக்க வர்றவங்களுக்கு ஸ்பெஷல் பாஸ் உண்டு" என்றான்.

அவனை அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அந்த ஷெட்டுக்குள் போக எனக்கு வேறு வழியே இல்லை. ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் ஹெல்மெட்டோடு ஃபர்னஸ் முன்னால் நின்றேன். மேனேஜர் "ஆக்‌ஷன்" என்றான். பாருங்கள், அதையும் அவனே சொன்னான். விழுந்தேன். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் என்னைச் சுற்றி ஓடிவந்து நின்றார்கள். தரையில் கிடந்தபடி பார்த்தால், கண் முன்னே அவர்கள் கால்கள்தான். கான்ட்ராக்ட் ஆட்கள் ஒருவர் விடாமல் எல்லோருடைய ஷூவும் வாய் பிளந்திருந்தது. ஒருவர் கம்பி போட்டுக் கட்டியிருந்தார். நெருப்புக் குழம்பு தெறிக்கிற இடத்தில்! இவர்களுக்கு என் வயதுதான் ஆபத்தாகப் பட்டதா?

"ஸ்டெல்லா, கேமராவத் தரையில வை. ஷூவ எடு, கிட்ட போய் எடு" என்றேன்.

"ஷாட் முடிஞ்சிடுச்சு சார், எந்திரிங்க" என்று மேனேஜர் பதறினான்.

"மயக்கம் இன்னும் தெளியல தம்பி" என்றேன்.

எல்லா ஷூவும் படமாகிற வரைக்கும் தெளியவில்லை. நான் எடுத்த பாதுகாப்புப் படங்களில் உண்மையானது அதுதான். கம்பெனி அதைப் போட்டுக் காட்டாது என்று தெரியும். ஆனால் ஸ்டெல்லா அதை ஷூக்காரர்களின் போனுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

வெளியே வரும்போது ஆர்.கே.பேட்டை செக்யூரிட்டி பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு என் முதுகுத் தூசியைத் தட்டிவிட்டார்.

"சூப்பரா உழுந்தியாமே நைனா! நாளைக்கும் உழுற மாதிரி இருந்தா சொல்லு, இப்பவே பாஸ் போட்டு வெச்சிடறேன்."

போர்ச்சுகல் பெரியவர் நூறு வயதுக்கு மேலும் நிமிர்ந்து நின்று படமெடுத்தார், கும்மிடிப்பூண்டியில் எனக்கு மயங்கி விழுந்து எடுக்கத்தான் அனுமதி.