ஜெபித்துவிட்டு எழுதுகிறோம்

எங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் பிடிக்கவில்லை என்று வாய் திறந்து சொன்னதில்லை. கேசரியைச் சாப்பிட்டு, காபியைக் குடித்து, கண்ணை மூடி ஒரு ஜெபமும் பண்ணிவிட்டு, "ஊருக்குப் போய் ஜெபிச்சிட்டு எழுதுறோம்" என்பார்கள். நாங்கள் லுத்தரன் சபைக்காரர்கள். எங்கள் ஆட்களிடையே அதற்கு வேண்டாம் என்று பொருள். அவர்களுடைய ஜெபம் பஸ் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டுவதற்குள் முடிந்திருக்கும். அப்பாவும் அது தெரிந்தே தலையாட்டி, வாசல் வரை போய் வழியனுப்புவார். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே அது தெரிந்திருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. சீர்காழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரமெல்லாம் நைட் டியூட்டி, ஞாயிற்றுக்கிழமையானால் இந்தச் சடங்கு. ஆராதனை முடிந்து வந்ததும் வீங்கிய காலோடு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

தெருவுக்கு ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. சவூதி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், சென்னையில் இன்டர்வியூ என்று தெரிந்ததும் அப்பா இங்கிலீஷ் பேசப் பழகும் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து அத்தையை உட்காரவைத்தார். அவர் தமிழாசிரியர். 'ஹவ் டூ யூ டூ' என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லக்கூடாது, அதையே திருப்பிக் கேட்க வேண்டும் என்று போட்டிருந்தது. "அப்ப யாருதாங்க பதில் சொல்றது?" என்றாள் அம்மா. கெட்ட செய்தி சொல்லும் முன், பயமே இல்லாவிட்டாலும், 'ஐ ஆம் அஃப்ரெய்ட்', பயப்படுகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். விருந்தாளியைச் சாப்பிடச் சொல்ல 'ஹெல்ப் யுவர்செல்ஃப்'. உனக்கு நீயே உதவிக்கொள் என்று அப்பா அதற்கு அர்த்தம் சொன்னதும் அம்மா, "நம்ம வீட்ல அப்படிச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க" என்றாள். அத்தை தூக்கக் கலக்கத்தோடு எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

இன்டர்வியூ முடிந்து திரும்பியவளிடம் அப்பா முதலில் கேட்டது, கடைசியாக என்ன சொன்னார்கள் என்பதைத்தான்.

"வீ வில் லெட் யூ நோன்னாங்கண்ணே" என்றாள் அத்தை, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"தெரியப்படுத்துவோம்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன? இங்கிலீஷ்ல நம்மள மாதிரி சுத்தி வளைக்கிறதெல்லாம் கிடையாது."

அந்தப் புத்தகத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்த மனிதர்தான் இப்படிச் சொன்னார். அடுத்த ஞாயிறே கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். பெண் வெளிநாடு போகிறது, இனி யாரையும் அழைத்துவர வேண்டாம் என்று தரகருக்குச் சொல்லி அனுப்பினார். பேராவூரணியிலிருந்து வருவதாக இருந்த ஒரு குடும்பத்தையும் வரவேண்டாம் என்றுவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில், அத்தை சவூதியிலிருந்து எனக்கு வாங்கிவரப்போகும் வாட்ச்சின் நிறத்தைக்கூடச் சொல்லிவிட்டிருந்தேன்.

குறுவை அறுப்பு முடிந்தது, மழை பிடித்தது, பதில் வரவில்லை. நான் தினமும் கேட்பேன். "வரும்டி, என்ன அவசரம்" என்பாள் அத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு படுத்தாளானால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பாள். எதிர்த்த வீட்டு ரேடியோ அலறினாலும் புரள மாட்டாள்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் அப்பா பொறுமையிழந்து, சென்னைக்கே நேரில் போய்க் கேட்டுவிடுவதென்று சட்டையை மாட்டினார். பஸ்சுக்குக் கிளம்பியவரை அத்தை கூடத்தில் நிறுத்தினாள்.

"போகாதீங்கண்ணே. அவங்க அன்னிக்கே வேணாம்னு சொல்லிட்டாங்க."

அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழில் அத்தனை முறை கேட்டதை அவள் இங்கிலீஷில் கேட்டதுமே அடையாளம் கண்டுகொண்டிருக்கிறாள். அவருக்குத்தான் அது புரிய இவ்வளவு நாள் பிடித்தது. அவர் திட்டவில்லை. சட்டையை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டினார். பேராவூரணிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

என் வாட்ச் போன துக்கத்தில் நான் அழுதுகொண்டே, "தெரிஞ்சும் ஏன் அத்தே சொல்லல?" என்றேன்.

"கொஞ்ச நாள் தூங்கிக்கலாம்னுதான்டி" என்றாள்.

தூக்கம் வந்தால் தூங்க வேண்டியதுதானே, அதற்கு எதற்கு சவூதி என்றுதான் எனக்கு அன்றைக்குத் தோன்றியது.