கடற்பஞ்சை வெளுத்தவன்

1. பெட்டி வந்த நாள்

ஆரணியில் ஒரு கல்லூரியின் மைக்ரோபயாலஜி லேபில் முப்பத்தொரு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. லேப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாதனையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரை மணி நேரம் யோசித்தும் ஒன்றும் தேறவில்லை. சொதப்பியது என்றால் கைவசம் நிறைய இருக்கிறது. அதில் பெரியதை எழுதுகிறேன்.

ஸ்டெல்லா மேடம் எங்கள் டிபார்ட்மெண்டில் உதவிப் பேராசிரியர். வேலை பார்த்துக்கொண்டே பி.எச்டி. பண்ணிக்கொண்டிருந்தார். ஆழ்கடலில் வாழும் கடற்பஞ்சு என்ற பிராணிக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களை எடுத்து வளர்ப்பது அவருடைய டாபிக். பட்டுப் புடவை ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கு அடியில் என்ன வேலை என்று ஸ்டாஃப் ரூமில் கிண்டல் பண்ணுவார்கள். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கப்பலில் போய் எடுத்து வந்ததில் மூன்று துண்டு பஞ்சை அவருக்குக் கொடுத்தார்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நான் வண்டி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

"யம்மா, அந்த மீன் பொட்டிய ஜல்தியா எறக்கும்மா. சீட்டெல்லாம் ஈரமாயிகினு இருக்குது" என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"மீன் இல்லீங்க, ஆராய்ச்சிக்கு" என்றார் மேடம்.

"இன்னாவோ ஒண்ணு, எறக்கு."

பெட்டியை என்னிடம் கொடுக்கும்போது மேடம் சொன்னார்: "அண்ணா, இந்த மூணும் போச்சின்னா என் பி.எச்டி.யும் போச்சு. யுனிவர்சிட்டில கடைசி எக்ஸ்டென்ஷனும் குடுத்துட்டாங்க. கப்பல் மறுபடி எப்ப போவும்னு அவங்களுக்கே தெரியாது."

"என் கைல வந்துடுச்சி இல்ல, கவலைய வுடுங்க மேடம்" என்றேன். அப்போது அப்படித்தான் பேசுவேன்.

2. பதினோரு அலசல்

எங்கள் குடும்பம் பட்டுக்குச் சாயம் போடும் குடும்பம். அண்ணன் இன்றைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். கச்சாப் பட்டின்மேல் ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பசை போனால்தான் பளபளப்பு வரும், சாயமும் பிடிக்கும். தண்ணீர் கலங்கி இருக்கும்போது கையை எடுத்தால் வீட்டில் அவனுக்கு மரியாதை இல்லை. நான் பட்டறைக்குப் போகாமல் லேபுக்கு வந்தாலும் கை மாறவில்லை. எங்கள் லேப் பீக்கரில் முகம் பார்த்து மீசை திருத்தலாம். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒருவர் அதைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம்.

செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்த நாளில் மேடம் போன் பண்ணினார்.

"அண்ணா, எனக்கு ஹால் ட்யூட்டி போட்டுட்டாங்க. ரெண்டு பீஸ எடுத்து, ஸ்டெரைல் கடல்தண்ணில லைட்டா மூணு வாட்டி அலசி, அரைச்சி ட்யூப்ல வெச்சிருங்க. சாயந்திரம் வந்து நானே பிளேட் போட்டுக்கறேன்."

கையுறை போட்டேன். கிருமி புகாமல் காற்றை வடிகட்டும் லேமினார் ஃப்ளோ மேஜையில் உட்கார்ந்தேன். ஸ்பிரிட் லேம்ப் ஏற்றினேன். எல்லாம் ரூல்படி. துண்டு கொழகொழவென்று இருந்தது; கெடாமல் இருக்கச் சேர்த்த கிளிசரால்தான் என்று நினைத்தேன். முதல் அலசலில் தண்ணீர் பழுப்பாக வந்தது. மூன்றாவதிலும் கலங்கல்தான். மூன்று தடவை என்பது அலசத் தெரியாதவர்களுக்குச் சொல்வது என்று நானே முடிவு பண்ணினேன். ஏழாவதில் கடல்தண்ணீர் தீர்ந்துபோனது. ஆட்டோகிளேவில் கிருமி போகச் சூடாக்கிய, உப்பில்லாத நல்ல தண்ணீரை எடுத்தேன். பதினோராவது தடவை தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது.

கையில் இருந்த பஞ்சு வெள்ளை வெளேரென்று, மெல்லிய கண்ணாடி இழையாக, பசை நீக்கிய பட்டு மாதிரி மின்னியது. போட்டோ எடுத்து என் மனைவிக்கு அனுப்பினேன். "நல்லா இருக்குதே, எந்த ஊரு நூலு?" என்று பதில் வந்தது. அப்புறம் இரண்டு துண்டையும் அரைத்து ட்யூபில் வைத்துவிட்டு, ரெக்கார்டில் 'மூன்று முறை அலசப்பட்டது' என்று எழுதினேன். புரோட்டோகாலில் அப்படித்தானே இருந்தது.

3. ஒன்பது நாள்

மேடம் அரைத்ததை அகார் பிளேட்டில் பரப்பி, பாக்டீரியா முளைக்க குளிரான இன்குபேட்டரில் வைத்தார். மூன்று வாரம் ஆகியும் ஒரு புள்ளி முளைக்கவில்லை. பாக்டீரியாவுக்குச் சாப்பாடான மீடியா சரியில்லை என்று உப்பை மாற்றினார், அகாரை மாற்றினார், அரைத்து வைத்ததில் மிச்சமிருந்ததை மறுபடி மறுபடி போட்டார். ஒன்றும் வரவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் செகண்ட் இயர் பிள்ளைகளுக்கு அவர் கடற்பஞ்சைப் பற்றி கிளாஸ் எடுத்தார். நான் புரொஜெக்டர் வயரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"கடற்பஞ்சுன்றது ஒரு பிராணி மட்டும் இல்ல, ஒரு ஊரு" என்றார். "சில வகைல ஒடம்பு எடைல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா பாக்டீரியாதான். பஞ்சுக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. எதிரியை விரட்டுற கெமிக்கல் பல சமயம் இதுங்கதான் செஞ்சி குடுக்குது. எல்லாம் அந்தக் கொழகொழப்புக்குள்ளதான் குடியிருக்கும். அது போச்சின்னா மிச்சம் வெறும் கண்ணாடிக் கூடுதான்."

வயர் என் கையிலிருந்து நழுவி ஸ்க்ரீன் இருட்டாகிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நான் கழுவி சிங்க்கில் ஊற்றிய பழுப்புத் தண்ணீர்தான் அவருடைய பி.எச்டி. மிச்சம் உயிரோடு ஏதாவது இருந்திருந்தால் உப்புத் தண்ணீரிலேயே வாழ்ந்த அதையும் நல்ல தண்ணீரை ஊற்றி வெடிக்க வைத்துவிட்டேன். தெரிந்த அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இத்தனை வருஷமாகச் சேர்த்த நல்ல பேர் போய்விடுமே என்று பயந்தேன். ஒன்பது நாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பீக்கர் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளும் மேடம் மீடியாவோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் என்னிடமே, "உங்களையும் பேஜார் பண்றேன், சாரி அண்ணா. என் கைதான் ராசியில்லாத கை போல" என்றார்.

பத்தாம் நாள் எச்.ஓ.டி. லேபுக்கு வந்தார்.

"மூணாவது பீஸும் வரலன்னா டாபிக்க வுட்டுரும்மா. டைம் இல்ல."

அவர் போனதும் மேடம் என் பக்கம் திரும்பினார். "மீடியா மட்டும் புதுசு அண்ணா. மத்ததுல எதையும் மாத்த வேணாம். போன வாட்டி எப்படி அலசினீங்களோ, அப்படியே அலசிடுங்க."

இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. சொல்லிவிட்டேன். பதினோரு தடவை, நல்ல தண்ணீர், பொய் ரெக்கார்டு, எல்லாம்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரிஞ்சி எத்தினி நாள் ஆவுது?"

"ஒம்போது நாள் மேடம்."

"ஒம்போது நாளா என்னைய நானே திட்டிகினு இருந்தேனே அண்ணா! பாத்துகினுதானே இருந்தீங்க? ரெண்டு பீஸையும் துணி மாதிரி கசக்கி எடுத்திருக்கீங்க!"

"பட்ட யாரும் கசக்க மாட்டாங்க மேடம். நெளிச்சி நெளிச்சி அலசறதுதான்" என்றேன்.

அந்த நேரத்திலும் தொழில் சுத்தத்தை விட்டுக்கொடுக்காத என் வாயை என்ன செய்வது? அவர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அப்புறம் மறுபடி அழுதார்.

முகம் கழுவிவிட்டு வந்து, "மூணாவதையும் நீங்கதான் அலசணும். நான் பக்கத்துல நிக்கறேன்" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் கலங்கலாகவே இருந்தது. என் கை தானாக நான்காவதுக்குப் போனது. மேடம் பேனாவால் மணிக்கட்டில் தட்டினார். அழுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கையை எடுத்த அந்த நேரம் மாதிரி கஷ்டமான வேலையை நான் என் சர்வீசில் செய்ததில்லை.

பதினேழாம் நாள் பிளேட்டில் கடுகுக்கும் சின்னதாக ஆரஞ்சுப் புள்ளிகள். முதலில் பார்த்தவன் நான்தான். மேடம் ட்யூட்டியில் இருந்த இன்டர்னல் பரீட்சை ஹாலுக்கே ஓடிப்போய்ச் சொல்லி, ஹால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

4. வைவா

இரண்டு வருஷம் கழித்து மேடத்துக்கு பி.எச்டி. வாய்மொழித் தேர்வான வைவா நடந்தது. நான் டீ தட்டோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் தீசிஸைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"மூணு சாம்பிள் வாங்கியிருக்கீங்க. ஒண்ணுலதான் ரிசல்ட் இருக்கு. மத்த ரெண்டு?"

"அலசறதுல தப்பாயிடுச்சி சார்."

"யார் பண்ணினது?"

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நாங்கதான் சார்" என்றார்.

தட்டைப் பக்கத்து பெஞ்சில் வைத்தேன்.

"நான் சார்" என்றேன். "அவங்க மூணு வாட்டி சொன்னாங்க. நான் பதினோரு வாட்டி அலசிட்டேன். ரெக்கார்டுல மூணுன்னு எழுதினதும் நான்தான்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எக்ஸாமினர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"ஓ.கே. அடுத்த கேள்வி" என்றார்.

அவ்வளவுதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் சொல்லப் பயந்துதான் ஒரு பெண்ணை ஒன்பது நாள் தன்னையே திட்டிக்கொள்ள விட்டேன்.