அப்பர் பெர்த்காரன்

அலுவலகத்தில் அவனைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. மருந்துக் கம்பெனிகளின் சோதனைக்கூடங்களில் இருக்கும் தராசுகள் சரியாக எடை காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கான எடைக்கற்கள் ஒரு பெட்டியில் இருக்கும். அவற்றை வெறும் கையால் தொடக்கூடாது. விரல் பிசுக்கு ஒட்டினால்கூட எடை மாறிவிடும். பெட்டியோ ஆளைச் சாய்க்கிற கனம். அதனால் எவ்வளவு தூரமானாலும் ரயில்தான்.

வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் அவன். படிக்கவைத்தது அண்ணன். வேனில் தண்ணீர் கேன் போடுகிறவன். லிஃப்ட் இல்லாத மாடிகளில் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று ஏறி ஏறி இடுப்பைத் தொலைத்தவன். ஒரு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீட்டில் அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், இவன். அறையில் இருந்த ஒரே கட்டில் அண்ணனின் இடுப்புக்காக வாங்கியது.

முதல் இரண்டு பயணங்களும் நரகம். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று காலால் அணைத்தபடி உட்கார்ந்தே போனான். திரும்பி வந்து, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னான். அது உண்மை. அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து, தம்பி ஊர் திரும்புகிற நாளில் கட்டில் தம்பிக்கு என்பது பேசாமலே வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது பயணத்தில் ரயில் ஒரு வெட்டவெளியில் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. எதிர் சீட்டுப் பெரியவர் ரயில்வேயைத் திட்டினார். இவனும் கொஞ்ச நேரம் துணைக்குத் திட்டினான். பிறகு பெட்டியைச் சீட்டுக் காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டு அப்பர் பெர்த்தில் ஏறிக் காலை நீட்டினான். நீட்டிய கால் யார்மேலும் படவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி ஓர் இடத்தில் அவன் படுத்ததில்லை. தண்ணீர் பிடித்து வை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடு, கொஞ்சம் நகர்ந்து படு என்று யாரும் கூப்பிடவும் முடியாது. பாடப்புத்தகம் தவிர வேறெதையும் படித்திராதவன், பெரியவர் தந்த துப்பறியும் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்தான். ரயில் கிளம்பியபோது வருத்தமாக இருந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டான். எந்தப் பக்கம் வெயில் அடிக்கும், எந்த ரயில்பெட்டி அதிகம் ஆடும் என்பதெல்லாம் அத்துப்படி. போகும்போது படித்தான், வரும்போது தூங்கினான். படித்து அலுத்தால் கீழ் சீட்டுக்கு இறங்கி, ஜன்னல் வழியே வீடுகளின் பின்பக்கங்களைப் பார்த்தான்: கொடியில் காயும் சீருடைகள், குளியலறை ஜன்னலில் ஷாம்பு பாட்டில்கள்.

ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கை தானாக இடுப்புக்குப் போனது. அந்த வீட்டில் வேலையிலிருந்து வருகிறவர் அப்படித்தான் வருவார். வேலை நன்றாக இருந்தது என்று யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை. கஷ்டப்படாமல் வாங்குவது சம்பளம்தானா என்று அவனுக்கே சந்தேகம். அண்ணி வெந்நீர் வைத்துத் தருவாள். ராசாவுக்குக் கட்டில் தயார் என்று கிண்டல் செய்துகொண்டே அண்ணன் ஹாலில் பாயை விரிப்பான். ரயிலில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்தவனுக்குக் கட்டிலில் தூக்கம் வராது. ஹாலில் அண்ணன் புரளும்போது ஒரு முனகல் கேட்கும். அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். அண்ணன் வந்துவிட்டுப் போனாராம். உட்காரச் சொல்லியும் உட்காராமல், தம்பிக்கு உடம்பு தாங்கவில்லை, உள்ளூரிலேயே வேலை கொடுங்கள் என்று நின்றபடியே கேட்டாராம். இனி வெளியூர் வேண்டாம், இங்கேயே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுது என்றார் மேனேஜர்.

வேண்டாம் சார் என்றால் அண்ணன் பொய்யனாகிவிடுவான். சரி என்றால் அப்பர் பெர்த் போய்விடும். திங்கட்கிழமை சொல்வதாக முனகிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை அண்ணன் தெருவில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். இவனும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். மேனேஜர் சொல்லிவிட்டார் என்றதும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அண்ணியிடம்கூடச் சொல்லாமல் போய்க் கேட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"அண்ணே, எனக்கு ரயில்ல போறது பிடிக்கும்."

"வேலைன்னா பிடிச்சுத்தான்டா ஆகணும். அதுக்காக உடம்பக் கெடுத்துக்க முடியுமா?"

"இல்லண்ணே. நிஜமாவே பிடிக்கும். நல்லாத் தூங்குறேன். எனக்கு இடுப்பெல்லாம் வலிக்கல."

ஹோஸிலிருந்து தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தான்.

"எப்பலேருந்து?"

"மூணாவது தடவையிலேருந்து."

அண்ணன் ஈரத்துணியைப் பிழிந்து வேன் கதவில் போட்டான்.

"கட்டில் வேணும்னு கேட்டிருந்தாக்கூடக் கொடுத்திருப்பேன்டா. இல்லாத வலியச் சொல்லி, அந்த ஆள் முன்னாடி என்னைக் கைகட்டி நிக்க வெச்சுட்டியே."

வாசலில் நின்ற அண்ணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அப்ப நான் வெச்சுக் குடுத்த வெந்நீருக்கு என்ன பதில் தம்பி?" என்றாள். கிண்டலா கோபமா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை, தப்பு அண்ணன்மேல் இல்லை, வீட்டில் அப்படிச் சொல்லிவைத்தது நான்தான் என்று மேனேஜரிடம் ஒப்புக்கொண்டான். அவர் சிரித்துவிட்டு அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடச் சொன்னார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. அண்ணன் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டான். சித்தப்பாவைச் சாப்பிட வரச் சொல் என்று பிள்ளைகள் மூலம்தான் சேதி வந்தது.

அடுத்த பயணத்தில் லோயர் பெர்த் கேட்டு வாங்கினான். பெட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு, வேண்டுமென்றே விறைப்பாக உட்கார்ந்தான். முழங்கால் வலிக்காரர் ஒருவர், மேலே ஏற முடியாது, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மறுக்க முடியுமா? பெட்டியைப் பூட்டிவிட்டு மேலே ஏறினான். பிடிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டது.

சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"நல்லா இருக்கு அண்ணி. வெளிய மழை. புக் படிச்சிட்டிருக்கேன்."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "இருக்கும், இருக்கும்."

அண்ணி போனை வைத்துவிட்டாள். அவன் வெகுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.