ஆள் மிச்சம் ஒன்று

எதிர்வீட்டு மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறார்கள். கறுப்புக் குழாயில் துளை போட ஆணியைக் காய்ச்சுகிறார்கள் போலிருக்கிறது. சுட்ட பிளாஸ்டிக் வாடை ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. உங்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய வாடை. எனக்கு அது உயர்கல்வி.

எண்பதுகளின் கடைசியில் காரைக்கால் பக்கம் ஒரு கல்லூரியில் விவசாயம் படித்தேன். பெயர் வேண்டாம், பாவம். சுரக்குடியில் வயலுக்குள்ளேயே வளர்ந்தவனுக்கு விவசாயம் கற்றுக்கொள்ளக் கல்லூரி எதற்கு என்பது அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. அதிலும் சொட்டுநீர்ப் பாசனம் என்றதும் சிரித்துவிட்டார். காவிரி கடைசியாக எட்டிப்பார்க்கிற ஊர் எங்களுடையது. தண்ணீர் வந்தால் வயல் முழுகும், வராவிட்டால் வெடிக்கும். "இதுல சொட்டு எங்கேருந்துடா வந்துச்சு?" என்று கேட்டார். தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

எங்கள் பேராசிரியர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மேட்டுநிலக்காரர். கையால் செய்து கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே கல்லூரி அலுவலகத்துக்கு முன்னாலிருந்த பூந்தோட்டத்தை எனக்கும் கூடப் படித்த தலத்தெரு சேவியருக்கும் சொட்டுநீர் அமைக்கும் செய்முறை வேலையாகக் கொடுத்தார். செங்கல் அடுக்கி, அதன்மேல் பழைய எண்ணெய் டிரம்மை ஏற்றி, குழாய் இழுத்து, காய்ச்சிய ஆணியால் துளை போட்டோம். சேவியரின் அப்பா தையல்காரர். அதனால் அவன் போட்ட துளைகள் தையல் போல நேராக இருந்தன. என்னுடையவை அம்மை போட்ட மாதிரி.

செடியின் காலடியில் ஈரம் இருந்தால் போதும் என்றது புத்தகம். டெல்டாக்காரன் கண்ணுக்குத் தண்ணீர் பளபளவென்று நிற்க வேண்டும். ஒரு மத்தியானம் குரோட்டன்ஸ் தலையைத் தொங்கப் போட்டதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. சுற்றிலும் வரப்புக் கட்டி, வாளி வாளியாக ஊற்றிவிட்டேன். மறுநாள் பேராசிரியர் வந்தபோது தவளைகள் குடியேறியிருந்தன. "நடவு எப்ப தம்பி?" என்றார். மதிப்பெண் முட்டை. அடுத்த மதிப்பீட்டிலும் தோற்றால் ஒரு வருஷம் போய்விடும்.

அந்தத் தோட்டத்துக்குப் பூவாளியால் தண்ணீர் ஊற்ற ஏற்கெனவே ஒருவர் இருந்தார், தினக்கூலி தனபாக்கியம் அக்கா. கோட்டுச்சேரிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எங்கள் குழாய்களைப் பார்த்துவிட்டு, "செடிக்கு ஒடம்பு சரியில்லீங்களா தம்பி, குளுக்கோஸ் ஏத்துறீங்க?" என்றார். நாங்கள் அறிவியல் புன்னகை புரிந்தோம்.

பத்தே நாளில் அறிவியல் அடைத்துக்கொண்டது. எங்கள் போர்வெல் தண்ணீர் அவ்வளவு உப்பு. துளைகளில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. நாங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க, அக்கா ரவிக்கையிலிருந்து ஊக்கை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்திவிட்டார். அதற்கப்புறம் தினமும் காலையில் நாங்கள் வருவதற்குள் குத்திவிடுவார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. தோட்டம் பூத்துத் தள்ளியது.

செய்முறைப் பதிவேட்டில் இரண்டு இடங்களை நிரப்ப வேண்டும்: மிச்சமான நீர், மிச்சமான ஆள்.

"அக்கா குத்துறத எழுத வேணாமாடா?" என்றான் சேவியர்.

"எழுதுனா முழு மார்க்கு வராதுடா. எல்லாம் தானா ஓடுதுன்னு போடு."

நானே போட்டேன். பராமரிப்புத் தேவையில்லை, ஆள் மிச்சம் ஒன்று. தவளை வளர்த்தவனுக்கு முதல் மதிப்பெண். பேராசிரியர் பெருமையோடு பதிவேட்டை அலுவலகத்துக்கு அனுப்பினார். மாணவர் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். படித்துவிட்டார்கள். அந்த அலுவலகம் ஒரு காகிதத்தை முழுசாகப் படித்து, உடனே நடவடிக்கையும் எடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அடுத்த மாத வருகைப் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மதிப்பெண் போய்விடுமே என்று பயந்தேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

குழாய்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. விடுமுறை முடிந்து வந்தபோது குரோட்டன்ஸ் குச்சியாக நின்றது. போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். முழுக்க சிமெண்ட் கல் பதித்து கார் நிறுத்துகிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. நாங்கள்கூட அவ்வளவு மிச்சம் பிடிக்கவில்லை.

அக்காவை அதற்கப்புறம் ஒரே தடவைதான் பார்த்தேன், படிப்பின் கடைசி வருஷம், கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில். நடவு வேலை முடிந்து, காலில் சேறு காயாமல் நின்றிருந்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தம்பி, வாசப்பக்கத்துக் கொழாய் சீக்கிரம் அடைச்சுக்கும். பாத்துக்கிறீங்களா?"

"பாத்துக்கிறோம்க்கா" என்றேன்.

விடுதியில் அந்தக் குழாயைக் கொடியாகக் கட்டி, என் லுங்கியைக் காயப்போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.